அமெரிக்காவில் குடியேறிகளின் பழைய பண்ணை வீட்டைப் படமெடுத்து ஹாலில் மாட்டலாமா? சம்பந்தமில்லாத வீடாகத் தோன்றாதா?

தாராளமாக மாட்டலாம். என் வீட்டு ஹாலிலேயே ஒன்று தொங்குகிறது.

உங்கள் கேள்வியைப் பார்த்தால், வீட்டில் யாரோ "அடுத்தவன் வீட்டை எதுக்கு இவ்வளவு பெரிசா மாட்டணும்?" என்று ஆரம்பித்திருப்பார்கள் போலிருக்கிறது. எனக்கு மாமனார். "சாமி படம் மாட்ட வேண்டிய இடம் மாப்பிள்ளை அது" என்றார்.

என் படத்தில் இருப்பது மிச்சிகன் மாநிலத்தில், ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகளை ஒட்டிய போர்ட் ஒனைடாவில் உள்ள டெக்கோ குடும்பத்துப் பண்ணை. எம்-22 சாலையில் போகும்போதே தெரியும். 1852-ல் கார்ஸ்டன் பர்ஃபீண்ட் என்ற ஹனோவர்க்காரர் அங்கே முதலில் குடியேறினார். பின்னாலேயே மற்ற ஜெர்மன் குடும்பங்கள், டெக்கோ குடும்பமும் அப்படி வந்ததுதான். காட்டை வெட்டி நீராவிக் கப்பல்களுக்கு விறகு விற்றார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்ததே அங்கு வந்து நின்ற ஒனைடா என்ற கப்பல். மரம் தீர்ந்ததும் கப்பல் நிற்பதும் போயிற்று. மிஞ்சியது மணல் கலந்த மண்ணும் குறுகிய கோடையும். அதை வைத்துக்கொண்டு தலைமுறைகளாக விவசாயம் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த மணல்மேடுகளுக்காக அரசுப் பூங்கா வந்தது. செனட்டர் பிலிப் ஹார்ட் 1960-களில் திட்டத்தைக் கொண்டுவந்தபோது நிலம் வைத்திருந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1970-ல் சட்டம் நிறைவேறி, பண்ணைகள் ஒவ்வொன்றாக அரசின் கைக்குப் போயின. இதையெல்லாம் சொன்ன பிறகு மாமனார் சாமி படத்தை விட்டுவிட்டு, "அப்ப அந்தக் குடும்பமெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளில் வேறு யாரும் இதுவரை அதைக் கேட்கவில்லை. "எந்தக் கடைல வாங்கினீங்க?" என்பதோடு சரி.

"நிலத்தை இழந்தவர்களின் வீட்டை அலங்காரப் பொருள் ஆக்குகிறாயா" என்று இங்கே ஒருவராவது வருவார், தெரியும். அவருக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: அந்த ஜெர்மன்காரர்களுக்கு முன்னால் அது ஒடாவா, ஒஜிப்வே என்ற பூர்வகுடி மக்களின் மண், 1836 ஒப்பந்தத்தில் அவர்களிடமிருந்து போனது. இப்படிப் பார்த்தால் அமெரிக்காவில் புல்லைக்கூடப் படமெடுக்க முடியாது. நான் செய்தது ஒன்றுதான். படத்தின் மரச்சட்டத்துக்கு அடியில் பண்ணையின் பெயரையும் ஊரையும் தமிழிலேயே அச்சடித்து ஒட்டினேன். வெறுமனே "கிராமத்து வீடு" என்று தொங்கினால்தான் எனக்கு உறுத்தும்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. இதே படத்தை ஒரு சங்கத்து ஆண்டு மலர் அட்டையில் போட்டார்கள், என் பெயரே இல்லை. கேட்டதற்கு, "நம்ம சங்கம்தானே சார்" என்றார் பொறுப்பாளர். அட்டையின் பின்பக்கம் நகைக்கடை விளம்பரத்துக்கு முழுப்பக்கம் இருந்தது, எனக்கு ஒரு வரிக்கு இடமில்லை. இதற்கும் கேள்விக்கும் சம்பந்தமில்லைதான், ஆனால் எங்கேயாவது சொல்ல வேண்டும் அல்லவா?

சரி, எடுக்கும் விஷயம். வெள்ளைப் பலகைச் சுவர் உச்சி வெயிலில் வெறும் காகிதம்போல வெளுத்துவிடும். மேகமூட்டமான நாளில் போங்கள், சுவர் வெளுக்காமல் பலகைக் கோடுகள் தெரியும். கேமராவை மேலே சாய்த்தால் சுவர்கள் உள்பக்கமாக விழுவதுபோலத் தெரியும், அதனால் தள்ளி நின்று நேராகப் பிடியுங்கள். சாலையில் நின்று வீட்டைப் படமெடுக்க அந்த நாட்டில் தடையில்லை. ஆனால் அந்த வட்டாரத்தில் எல்லாமே பூங்காவுக்குச் சொந்தமில்லை, ஆள் குடியிருக்கும் வீடுகளும் உண்டு. அங்கே உள்ளே நுழைந்துவிடாதீர்கள்.

24 மெகாபிக்சல் படம் 36 அங்குல அகலத்துக்கு அங்குலத்துக்கு சுமார் 165 புள்ளிதான் தரும். கடைக்காரர் 300 வேண்டும் என்று பயமுறுத்துவார். ஆறடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு 165-ஏ போதும். கேன்வாஸ் வேண்டாம், அதன் நெசவு பலகைக் கோடுகளை விழுங்கிவிடும். மினுமினுப்பில்லாத (மேட்) பருத்திக் காகிதத்தில் போடுங்கள். எதிரே ஜன்னல் இருந்தால் பளபளப்பில்லாத கண்ணாடியாகக் கேட்டு வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடுதல்தான்.