மகளின் கன்னத்து வீக்கம் வடியவில்லை, புற்றுநோயாக இருக்குமா?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. இரண்டு வருடமாகக் கன்னம் அடிக்கடி வீங்கும், சில நாளில் வடிந்துவிடும். பொன்னுக்கு வீங்கி என்றுதான் முதலில் வைத்தியம் பார்த்தோம். போன வருடம் ஷோகிரன் நோய் என்றார்கள். இப்போது வலப்பக்க வீக்கம் மூன்று மாதமாக அப்படியே நிற்கிறது. இந்த நோய் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக மாறும் என்கிறார்களே, உண்மையா? ஊசி போட்டுச் சதை எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். (ஒரு தாய், திருச்சி)

பதில்: ஷோகிரன் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு லிம்போமா வருவதில்லை அம்மா. பெரியவர்களிலேயே, வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டாலும், 100 பேரில் சுமார் 5 முதல் 10 பேருக்குத்தான் வருகிறது. சிறுவயதில் வருவது அரிது. ஆனால் அரிது என்பதற்காக, மூன்று மாதமாக வடியாத வீக்கத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த நோயில் உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்குகின்றன. பெரியவர்கள் கண் உறுத்துகிறது, வாய் காய்கிறது என்று வருவார்கள். பிள்ளைகளுக்கு வறட்சி பல நேரம் பின்னால்தான் தெரியும். காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் சுரப்பி முதலில் வீங்கும். பொன்னுக்கு வீங்கி என்றே மாதங்கள் ஓடுவது இதனால்தான். ஆனால் பொன்னுக்கு வீங்கி பொதுவாக ஒருமுறைதான் வரும்.

சுரப்பிக்குள் புகுந்த பி அணுக்கள் (நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) வருடக்கணக்கில் ஓயாமல் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. அதில் பிசகு நேர்ந்து, ஒரே ஓர் அணுவின் வழிவந்தவை மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுதான் லிம்போமா. ஷோகிரனில் அதிகம் காணப்படுவது மால்ட் என்ற வகை. மெதுவாக வளரும், நெடுநாள் அந்தச் சுரப்பியிலேயே தங்கிவிடும்.

வந்து வந்து வடியும் வீக்கத்தை விட, ஒரே பக்கம் கெட்டியாக நின்றுவிடும் வீக்கம்தான் என்னை யோசிக்க வைக்கும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, கால்களில் ஊதாநிறப் புள்ளிகள் வருகின்றனவா, காய்ச்சலோ எடை குறைவோ உண்டா என்று பாருங்கள். ரத்தத்தில் சி4 என்ற நோய் எதிர்ப்புப் புரதம் குறைந்திருந்தாலும், குளிரில் திரளும் கிரையோகுளோபுலின் என்ற புரதம் இருந்தாலும் சந்தேகம் கூடும். இவை எதுவுமே இல்லாவிட்டாலும், உங்கள் மகளுக்கு அல்ட்ராசவுண்டும் எம்ஆர்ஐயும் தேவை.

அதன் பிறகு பயாப்சி, அதாவது சதை எடுத்துச் சோதிப்பது. போன வருடம் உதட்டில் சதை எடுத்திருந்தாலும் அது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. வீங்கிய இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுக்கும் சில அணுக்கள் பல நேரம் போதாது. வெறும் அழற்சியையும் மால்ட்டையும் பிரித்தறியத் திசுவின் அமைப்பைப் பார்த்தாக வேண்டும். முகத்தை அசைக்கும் நரம்பு இந்தச் சுரப்பிக்குள்தான் ஓடுகிறது. அதனால் அல்ட்ராசவுண்டில் பார்த்தபடியே, அனுபவமுள்ளவர் சற்றுப் பருமனான ஊசியால் எடுப்பது நல்லது. ஊசி பட்டால் லிம்போமா பரவும் என்பது வீண் பயம். அதற்குப் பயந்து பயாப்சியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு மாத்திரையை வீக்கத்துக்காக நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். லிம்போமாவும் அதில் தற்காலிகமாகச் சுருங்கும், பயாப்சி முடிவு குழம்பிவிடும். ஏற்கெனவே மருத்துவர் சொல்லிச் சாப்பிடுகிறாள் என்றால் திடீரென நிறுத்தாமல் அவரிடம் தெரிவியுங்கள்.

சரி, மால்ட் என்றே முடிவு வந்தால்? சுரப்பியோடு நின்றிருந்தால் சிலருக்கு உடனே சிகிச்சைகூடத் தேவைப்படாது, நெருக்கமாகக் கண்காணிப்பார்கள். மற்றவர்களுக்கு பி அணுக்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து, சில நேரம் கீமோ. பெரும்பாலானவர்கள் நன்றாகத் தேறிவிடுகிறார்கள்.

இந்த வாரமே ஷோகிரனுக்காக அவளைப் பார்க்கும் ருமட்டாலஜி (மூட்டு, தன்னெதிர்ப்பு நோய்) மருத்துவரிடம் போங்கள். பழைய ரிப்போர்ட்டுகளோடு, கன்னம் வீங்கியபோது போனில் எடுத்த படங்கள் இருந்தால் தேதி வாரியாகக் காட்டுங்கள். ரத்தப்புற்றுநோய் நிபுணரும் சேர்ந்து பார்க்கும் மருத்துவமனையில் பயாப்சி செய்துகொள்ள முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.