பிரசவ வலி வந்த பிறகும் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: என் அண்ணிக்கு வலி எடுத்து எட்டு மணி நேரம் ஆன பிறகு, லேபர் ரூமில் ஸ்கேன் மிஷினைக் கொண்டுவந்து பார்த்தார்கள். குழந்தைக்கு ஏதோ ஆபத்து என்று வீடே பதறிவிட்டது. பில்லை ஏற்றுவதற்கா இது?

பதில்: பதற வேண்டியதில்லை. குழந்தையின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் பெரும்பாலும் இந்த ஸ்கேன். வழக்கமாக இதைக் கையால்தான் சோதிப்பார்கள். ஆனால் நேரம் ஆக ஆகக் குழந்தையின் தலைத்தோல் வீங்கிவிடும், அப்போது அனுபவமுள்ள கையும் ஏமாறும். அயர்லாந்தில் ஆயுதம் போட்டு, அதாவது இடுக்கி போன்ற கருவியால் குழந்தையை எடுக்க வேண்டிய நிலையில் இருந்த 514 தாய்மார்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2014-இல் வெளிவந்தது. அதில் கையால் மட்டும் பார்த்தபோது தலையின் நிலையை 20.2 சதவீதம் பேருக்குத் தவறாகக் கணித்தார்கள், ஸ்கேனும் சேர்ந்தபோது அது 1.6 ஆகக் குறைந்தது. பெரிய வித்தியாசம்தான், இல்லையா? ஆனால் அதே ஆய்வில் தாய்க்கோ சேய்க்கோ வந்த பாதிப்புகள் அதற்கேற்பக் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால்தான் 2018-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதலும் எல்லோருக்கும் இதைக் கட்டாயமாக்கவில்லை. பிரசவம் முன்னேறாமல் நின்றுவிட்டாலோ, ஆயுதம் போடலாமா என்று முடிவெடுக்கும் முன்போ பார்த்தால் பயன் உண்டு என்கிறது. எட்டு மணி நேரம் என்பது, அதுவும் தலைப்பிரசவமாக இருந்தால், தன்னளவில் ஆபத்தான கணக்கு இல்லை. சரி, பில் விஷயம்? அதை மருத்துவமனையிலேயே நேராகக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.