மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் தமிழ்ப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்கிறான்: பதில்

வணக்கம் அண்ணே. கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதியிருந்தீர்கள். மகன் ஆங்கிலக் காமிக்ஸை விடாமல் படிக்கிறான், ராத்திரி அரை மணி நேரம் தமிழில் சத்தமாக வாசிக்க வைத்தால் மட்டும் அழுகை என்று.

பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் அந்த அரை மணியை நிறுத்துங்கள். வரிக்கு வரி ‘ழ’வையும் ‘ள’வையும் திருத்திக்கொண்டிருந்தால் கதை எங்கே நகரும்? அதைப் பள்ளியில் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும். குரங்கோ முதலையோ பேசும் இடம் வந்தால் அந்த வசனத்தை மட்டும் அவனிடம் விடுங்கள். எங்கள் வீட்டுச் சின்னவள் முதலைக்கென்று ஒரு கட்டைக் குரல் வைத்திருந்தாள். அடுத்து முதலை எப்போது வாய் திறக்கும் என்று பார்க்கவே பக்கத்தைப் புரட்டி எழுத்துக்கூட்டுவாள்.

வாங்கியது நீதிக்கதைத் தொகுப்பு என்கிறீர்கள். கதை முடிந்ததும் ‘நீதி’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தால் எனக்கே மூடி வைக்கத் தோன்றும்! பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் முதல் நிலையிலிருந்தே ஆரம்பியுங்கள். இறக்கி அச்சடித்தும் கொடுக்கலாம்.

காமிக்ஸைப் பிடுங்காதீர்கள், அதுவும் வாசிப்புதான். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் புத்தகக் கடைக்குப் போனால் புத்தகத்தை அவனே பொறுக்கட்டும், அட்டையில் டைனோசர் இருந்தாலும் சரி.

வீட்டில் தாத்தா, பாட்டி இருக்கிறார்களா? இருந்தால் சொல்லுங்கள், அதற்கு வேறு யோசனை வைத்திருக்கிறேன்.