குழந்தையிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது? கேள்வி பதில்

சென்னையில் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு ஒன்றில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். நோய், பயம், இழப்பு, இடமாற்றம் ஆகியவற்றுக்கு நடுவே தவிக்கும் குழந்தைகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் மருத்துவர் அல்லள். மருந்தையும் அதன் அளவையும் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.

கொளத்தூர்த் தாய்: ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சென்ற வாரம் தெரிந்தது. "சத்து ஊசி போட வந்திருக்கிறோம்" என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையைச் சொல்லவே கூடாது என்கிறார் என் மாமியார்.

பதில்: அம்மா, பேத்தியின் மேல் உள்ள அன்பினால்தான் அவர் அப்படிச் சொல்கிறார். ஆனால் வார்டில் சேர்ந்த சில நாள்களுக்குள் உங்கள் மகள் முடி கொட்டிய குழந்தைகளைப் பக்கத்துக் கட்டில்களில் பார்ப்பாள், தாழ்வாரத்தில் நீங்கள் அழுவதைக் கேட்பாள், தனக்கு எட்டிய ஒரு காரணத்தைத் தானே கற்பித்துக்கொள்வாள். அந்த வயதில் அது பெரும்பாலும் "நான் செய்த தப்புக்குத் தண்டனை" என்பதாகவே இருக்கும். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் ரத்தப் புற்றுநோய் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீள்கிறது. சிகிச்சையை இடையில் விடாமல் முடிக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அத்தனை காலமும் "சத்து ஊசி" என்ற பேச்சு தாங்காது. அது பொய் என்று தெரியும் நாளில் உங்களுடைய மற்றச் சொற்களையும் அவள் நம்பமாட்டாள்.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "உன் ரத்தத்தில் ஒரு நோய் வந்திருக்கிறது. அதன் பெயர் லுக்கேமியா. நீ எதுவும் செய்ததால் அது வரவில்லை. யாரிடமிருந்தும் ஒட்டிக்கொள்ளவும் இல்லை. மருந்தினால் முடி கொட்டும், பிறகு முளைத்துவிடும். நான் கூடவே இருப்பேன்." அதற்குமேல் அவள் கேட்கிற அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "செத்துப்போயிடுவேனா?" என்று அவள் கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். "உன்னைக் குணப்படுத்தத்தான் டாக்டர்கள் மருந்து தருகிறார்கள், நிறையப் பிள்ளைகள் குணமாகியிருக்கிறார்கள், எதுவானாலும் உன்னிடம் மறைக்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். அவளுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் அவனுக்கும் இதையே சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் உறவினர் வீட்டில் விடப்படும் பிள்ளையும் தன் தவறு என்றே நினைத்துக்கொள்கிறது.

பெரம்பூர்த் தந்தை: நான்கு வயது மகன், ஊசி என்றாலே அலறுகிறான். என்ன செய்வது?

பதில்: முதலில், "சாப்பிடாவிட்டால் டாக்டர் ஊசி போட்டுவிடுவார்" என்று வீட்டில் யாரும் மிரட்டக் கூடாது. தடுப்பூசியின் வலியைக் குறைப்பது குறித்து உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரைகள் எளியவை: படுக்கவைத்து அமுக்காமல் மடியில் நிமிர்ந்து உட்காரவைப்பது, பெற்றோர் உடனிருப்பது, கைக்குழந்தையானால் பால் கொடுத்துக்கொண்டே போடுவது, பொய்யான ஆறுதல் சொல்லாதிருப்பது. "வலிக்கவே வலிக்காது" என்பதும் பொய்தான். சுருக்கென்று இருக்கும் என்று சொல்லிவிட்டு, சோப்பு நுரைக் குமிழி ஊதச் செய்யுங்கள்.

திருவொற்றியூர் வாசகி: குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று வயது மகன் இருக்கிறான். நாங்கள் போனால் அழுகிறான், போகாவிட்டால் அமைதியாக இருக்கிறான் என்று சொல்லி, வர வேண்டாம் என்கிறார்கள்.

பதில்: 1950களில் இங்கிலாந்து மருத்துவமனைகளிலும் இதே காரணத்தைச் சொல்லித்தான் பெற்றோரை வெளியே நிறுத்தினார்கள். மனநல சமூகப் பணியாளரான ஜேம்ஸ் ராபர்ட்சன் அந்த வார்டுகளில் உட்கார்ந்து கவனித்தபோது, பெரியவர்கள் அமைதி என்று கண்டது, தாய் வருவாள் என்ற நம்பிக்கையைக் குழந்தை கைவிட்ட நிலை என்பது தெரிந்தது. பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று மருத்துவமனையில் குழந்தைகளின் நலன் பற்றி அந்நாட்டு அரசு அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை 1959இல் பரிந்துரைத்தது. உங்களைக் கண்டு அவன் அழுவது நல்ல அறிகுறி. தொற்றுக் கட்டுப்பாட்டு விதிகளை மதித்து, அனுமதிக்கும் ஒவ்வொரு நேரத்திலும் போங்கள். கிளம்பும்போது நழுவிவிடாமல், சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அம்பத்தூர் வாசகர்: என் மகளுக்கும் ஊசி என்றால் பயம். வழி சொல்லுங்கள்.

பதில்: பெரம்பூர் நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மேற்கு மாம்பலம் தந்தை: என் அப்பா இறந்து ஒரு மாதமாகிறது. ஐந்து வயது மகளிடம் "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்" என்றோம். தினமும் மாலையில் கேட்டருகே போய் நிற்கிறாள்.

பதில்: இன்றே சொல்லிவிடுங்கள். "தாத்தா இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, இனி வரமாட்டார், உனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்." மரணத்தைக் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஆராய்ந்த உளவியலாளர் மரியா நாகியின் கட்டுரை 1948இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் அதைப் பயணம் போலவோ தூக்கம் போலவோ, திரும்பி வரக்கூடியதாக எண்ணுகிறார்கள் என்று அவர் கண்டார். ஊருக்குப் போனார் என்று நாமும் சொன்னால், குழந்தை காத்திருக்கத்தான் செய்யும். "தூங்குகிறார்" என்று சொன்னால் இரவில் படுக்கவே அஞ்சும்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: இதை நான் ஏற்கவில்லை. பிணம் கிடக்கும் வீட்டிலிருந்து குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது நம் பெரியவர்கள் கண்ட வழி. மேல்நாட்டு ஆராய்ச்சி நம் வீட்டுக்கு எதற்கு?

பதில்: அம்மா, அனுப்புவதில் எனக்கு மறுப்பில்லை. சொல்லாமல் அனுப்புவதைத்தான் மறுக்கிறேன். பதின்மூன்று நாளும் உறவினர் வந்து அழுது தாத்தாவைப் பற்றிப் பேசும் வீட்டில், ஒருத்திக்கு மட்டும் அவர் ஊரில் இருப்பதாக எப்படி நம்பவைப்பது?

வியாசர்பாடி இளைஞர்: எங்கள் பக்கம் யாரையும் அனுப்புவதில்லை. பறை அடிக்கும், பிள்ளைகளும் மாலை போட்டுவிட்டு ஊர்வலத்தில் கொஞ்ச தூரம் வருவார்கள். இதுவும் நம் பெரியவர்கள் வழிதானே?

ஆசிரியை: அப்படியானால் சுடுகாட்டுக்கும் கூட்டிப்போகச் சொல்கிறீர்களா?

பதில்: இருவர் சொல்வதும் நம் வழக்கம்தான், இந்த நகரத்தில் ஒரே தெருவில் இரண்டும் உண்டு. குழந்தையிடம், அங்கே என்ன இருக்கும், யார் அழுவார்கள், தாத்தாவின் கை குளிர்ந்திருக்கும் என்பதை முன்பே சொல்லி, "வருகிறாயா?" என்று கேளுங்கள். வந்தால், அழுதுகொண்டிருக்காத ஒரு பெரியவர், அத்தையோ சித்தப்பாவோ, அவள் கையை விடாமல் இருந்து, போதும் என்றவுடன் வெளியே அழைத்துப்போக வேண்டும். வராவிட்டால் வற்புறுத்தக் கூடாது. எரிப்பதைச் சிறு குழந்தைகள் பார்க்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. இறந்தவருக்கு வலிக்காது என்பது அந்த வயதில் மனத்தில் பதியாது. ஆசிரியை அவர்களே, உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் காட்டாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

முடிச்சூர்த் தாய்: 2023 மிக்ஜாம் புயலில் தரைத்தளம் மூழ்கி மாடியில் இருந்தோம். இப்போதும் மழை பிடித்தால் மகன் தூங்குவதில்லை.

பதில்: "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள், ஆனதை அவன் பார்த்திருக்கிறான். செம்பரம்பாக்கம் நீர்மட்டத்தைத் திரும்பத் திரும்பக் காட்டும் தொலைக்காட்சியை அணையுங்கள். டார்ச், தண்ணீர், புத்தகப்பை ஆகியவற்றை மாடிக்கு ஏற்றும் பொறுப்பை மழைக்காலத்துக்கு முன்பே அவனிடம் கொடுங்கள். செய்வதற்கு ஏதாவது இருந்தால் பயம் அடங்கும். இவ்வளவு காலம் கடந்தும் தூக்கம் கெடுவதால், குழந்தைகள் மனநல மருத்துவரை ஒருமுறை பாருங்கள். வேப்பிலை அடிப்பதோ மந்திரிப்பதோ உங்கள் நம்பிக்கையானால் செய்யுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

பல்லாவரம் வாசகர்: மகன் ஊசிக்குப் பயந்து…

பதில்: மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது. மேலே இருக்கிறது. மிரட்டுவதை நிறுத்துங்கள்.

போரூர் வாசகர்: பயத்துக்குத் தூக்க மாத்திரை எத்தனை மில்லிகிராம் தரலாம்?

பதில்: மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வேளச்சேரித் தாய்: நானும் கணவரும் பிரிகிறோம். எட்டு வயது மகள் மறுபடி படுக்கையை நனைக்கிறாள். அதட்டலாமா?

பதில்: கூடாது. மனம் தாங்காதபோது குழந்தை தன் முந்தைய வயதுக்குத் திரும்புவது வழக்கம்; சிறுநீர்த் தொற்று இல்லை என்பதை மட்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லுங்கள்: இது உன்னால் நடக்கவில்லை, எந்த நாளில் யார் வீட்டில் இருப்பாய், பள்ளிக்கு யார் கூட்டிப்போவார், பாட்டியை எப்போது பார்ப்பாய். அவள் மூலமாக ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பாதீர்கள். உங்களுக்கே தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. குழந்தையை யாராவது அடித்தாலோ துன்புறுத்தினாலோ குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.