டிராக்கில் அழித்த பிறகும் செஷன் ஏன் 21 ஜிபி இருக்கிறது? பயன்படாத ஒலிக்கோப்புகளை எப்படி அகற்றுவது?

கேட்டவர் 'ஆர்டர்' என்ற கட்டற்ற இசைப்பதிவு மென்பொருளில் ஆறு மைக் வைத்து ஐந்து நிமிடப் பாடலைப் பதிந்திருக்கிறார். வேண்டாத டேக்குகளையெல்லாம், அதாவது பாடலை ஒவ்வொரு முறை பாடிப் பதிந்தவற்றை, டிராக்கிலிருந்து அழித்துவிட்டார். ஆனாலும் அந்தப் பாடலின் கோப்புகள் எல்லாம் இருக்கும் செஷன் ஃபோல்டர் 21 ஜிபியிலிருந்து இறங்கவில்லை. ஃபோல்டருக்குள் போய்க் கையாலேயே அழித்துவிடலாமா என்கிறார்.

வேண்டாம், தயவுசெய்து கையால் அழிக்காதீர்கள். நான் அப்படிச் செய்து ஒரு பாடலையே இழந்திருக்கிறேன்.

திரையில் நீங்கள் வெட்டுவதும் அழிப்பதும் ஒலியை அல்ல. அங்கே தெரியும் ஒவ்வொரு துண்டும் 'இந்தக் கோப்பில் இந்த நொடியிலிருந்து இந்த நொடி வரை வாசி' என்ற குறிப்பு மட்டுமே. துண்டை அழித்தால் குறிப்பு போகும், கோப்பு வட்டில் அப்படியே இருக்கும். அதனால்தான் நேற்று வெட்டியதை இன்று இழுத்து நீட்டி மீட்க முடிகிறது. இதற்கு விலை வட்டில் இடம். 48 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் ஃப்ளோட் என்ற பதிவுத் தர அமைப்பில் ஒரு மைக் ஒரு நிமிடத்துக்கு 11.5 எம்பி எடுக்கும். ஆறு மைக், ஐந்து நிமிடம் என்றால் ஒரு டேக்குக்கு 345 எம்பி. உங்கள் 21 ஜிபி ஏறக்குறைய அறுபது டேக். அடுத்த பாடலை 24 பிட்டில் பதிந்தால் நிமிடத்துக்கு 8.6 எம்பி போதும். குரலுக்கும் வாத்தியத்துக்கும் அது தாராளம்.

நான் இழந்த கதைக்கு வருகிறேன். வேறொரு மென்பொருளில் வேலை செய்த காலம். ஒரு பாடலை முடித்து, அதன் வாத்திய இசை மட்டும் உள்ள பதிப்பை இன்னொரு ஃபோல்டரில் தனியாகச் சேமித்திருந்தேன். சேமிக்கும்போது ஒலிக்கோப்புகளையும் சேர்த்து நகலெடுக்கச் சொல்ல மறந்துவிட்டேன். புதிய பதிப்பு பழைய ஃபோல்டரில் இருந்த கோப்புகளையே நம்பி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள் வட்டு நிறைந்துவிட்டது. பழைய ஃபோல்டரைத் திறந்து, தேதியைப் பார்த்து, 'இவை முதல் நாள் ஒத்திகை' என்று முப்பது கோப்புகளை அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். பாடகர் அந்தப் பதிப்பைக் கேட்டு வந்த அன்று திறந்தால், புல்லாங்குழல் டிராக் முழுக்க வெற்றுப் பெட்டிகள். வாசித்தவர் அதற்குள் ஊர் மாறிப் போயிருந்தார்.

ஆர்டரில் இதற்கு முறையான வழி இருக்கிறது. செஷன் மெனுவில் 'கிளீன்-அப்', அதற்குள் 'கிளீன்-அப் அன்யூஸ்டு சோர்சஸ்'. இது கோப்பை உடனே அழிப்பதில்லை. செஷனுக்குள்ளேயே 'டெட்' என்ற ஃபோல்டருக்கு நகர்த்துகிறது. அந்தச் செஷனில் நீங்கள் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட்டுகள் (வேலையின் அவ்வப்போதைய நிலையைச் சேமித்தவை) எல்லாவற்றையும் பார்த்து, எதிலும் பயன்படாத கோப்பை மட்டுமே எடுக்கும். சுத்தம் செய்தும் இடம் குறையவில்லை என்றால் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்று அந்தக் கோப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். 'டெட்' ஃபோல்டரைக் காலி செய்யும் 'ஃப்ளஷ் வேஸ்ட்பாஸ்கெட்' கொடுக்கும்போதுதான் கோப்புகள் உண்மையில் அழிகின்றன. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சுத்தம் செய்தவுடன் அதுவரை இருந்த அன்டூ வரலாறு முழுவதும் போய்விடும்.

நடுவில் ஒரு கேள்வி வரும், அங்கேதான் நிதானம் தேவை. பிளேலிஸ்ட் என்பது ஒரு டிராக்கில் வாசிக்க வேண்டிய துண்டுகளின் வரிசை. இப்போது எந்த டிராக்கிலும் இல்லாத பிளேலிஸ்ட் ஒவ்வொன்றையும் காட்டி, வைத்துக்கொள்ளவா நீக்கவா என்று ஆர்டர் கேட்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக நீக்கும் பொத்தானும் பக்கத்திலேயே இருக்கும். நான் ஒவ்வொரு டேக்குக்கும் புதிய பிளேலிஸ்ட் போடுபவன், அதனால் இப்போது டிராக்கில் இருப்பது தவிர என் டேக்குகள் அத்தனையும் இந்தக் கேள்விக்குள் வந்துவிடும். சென்ற ஆண்டு ஒரு செஷனில் அந்தப் பொத்தானுக்கு மேல் கை போய், ரத்து செய்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டேன். மூன்றாவது டேக்கில் பாடகி சரணத்தில் சறுக்கியிருந்தார். அன்றே ஒதுக்கிய டேக் அது. ஆனால் தாளம் நின்ற பிறகும் பதிவு ஓடியிருக்கிறது. சுருதிப்பெட்டி மட்டும் ஒலிக்க, அவர் பல்லவியின் முதல் வரியை மந்திர ஸ்தாயியில், மூச்சுச் சத்தம் கேட்கும் அளவுக்கு மெதுவாக, தனக்காகப் பாடிப் பார்க்கிறார். பதினெட்டு நொடி. இன்று அந்தப் பாடல் அந்தப் பதினெட்டு நொடியில்தான் தொடங்குகிறது. மென்பொருளின் கணக்கில் அன்று அது பயன்படாத கோப்பு. அது சொல்வதெல்லாம் 'இப்போது எந்த டிராக்கும் இதைத் தொடவில்லை' என்பதுதான். வேண்டுமா வேண்டாமா என்பதைக் காதுதான் சொல்ல முடியும்.

ஆகவே பாடல் வெளியாகும் வரை நான் சுத்தமே செய்வதில்லை. வெளியான பிறகு முழு ஃபோல்டரையும் இன்னொரு வட்டில் நகலெடுப்பேன். பிளேலிஸ்டுகளைக் கேட்டபடி சுத்தம் செய்வேன். செஷனை மூடித் திறந்து, பாடலை முதலிலிருந்து கடைசி வரை ஒரு தடவை ஓடவிடுவேன். 'டெட்' ஃபோல்டரை ஒரு மாதம் கழித்தே காலி செய்வேன். பதிவதற்கு முன்பே டிராக்குகளுக்குப் பெயர் வைத்துவிடுங்கள். கோப்பின் பெயர் டிராக்கின் பெயரிலிருந்துதான் வருகிறது; 'ஆடியோ 4' என்று இருந்தால் மிருதங்கமா வயலினா என்று ஒரு மாதத்தில் உங்களுக்கே தெரியாது.

ரீப்பர் என்ற இன்னொரு பதிவு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு ஃபைல் மெனுவில் 'கிளீன் கரன்ட் ப்ராஜெக்ட் டைரக்டரி' இருக்கிறது. ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பும் தேர்வைக் கட்டாயம் போடுங்கள். ஒரே ஃபோல்டரில் பல ப்ராஜெக்டுகளை வைத்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கியூபேஸ் மென்பொருளில், ஒலிக்கோப்புகளைப் பட்டியலிடும் பூல் சாளரத்தில் 'ரிமூவ் அன்யூஸ்டு மீடியா' கொடுத்து, கேட்கும்போது 'டிராஷ்' என்று சொல்லுங்கள்.

ஏற்கெனவே அவசரப்பட்டுச் சுத்தம் செய்துவிட்டு இதைப் படிக்கிறீர்களா? வேஸ்ட்பாஸ்கெட்டைக் காலி செய்யாதவரை ஒன்றும் கெட்டுவிடவில்லை. 'டெட்' ஃபோல்டரைத் திறந்து, கோப்புகளை ஏதாவது ஒரு பிளேயரில் கேளுங்கள். வேண்டியதை வேறு இடத்துக்கு நகலெடுத்து, புதிய ஒலியைச் சேர்ப்பதுபோல் செஷனுக்குள் இம்போர்ட் செய்யுங்கள். முன்பு இருந்த இடத்தில் தானாகப் போய் உட்காராது. நீங்களே நகர்த்திப் பொருத்த வேண்டும்.