பெங்களூருவில் பழைய வீட்டின் வெளி டிரைனேஜையும் மண்ணுக்குள் இருக்கும் பைப்பையும் மாற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பைப் எந்த கம்பெனி என்று எல்லோரும் கேட்பார்கள். முதலில் பார்க்க வேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு. அல்சூரில் எங்கள் வீட்டில் போன கோடையில் இந்த வேலை நடந்தது, அதை வைத்துச் சொல்கிறேன்.

பழைய வீடென்றால் மண்ணுக்குள் பெரும்பாலும் பீங்கான் பைப்தான் இருக்கும். பைப் லேசில் கெடாது. சிமென்ட் பூசிய இணைப்புதான் விரிசல் விடும், அதன் வழியாக வேர் நுழையும். எங்கள் வீட்டில் தோண்டி எடுத்த ஒரு துண்டில் தெருப் புங்கமரத்தின் வேர் சடைபோல் அடைத்திருந்தது. நடுவில் விரல் போகும் வழிதான் மிச்சம். அந்த நிலைமையில் ஒட்டுப்போடுவது வீண்செலவு, முழுதாக மாற்றிவிடுங்கள். மண்ணுக்குள் போடவென்றே ஐஎஸ் 15328 முத்திரையோடு பிவிசி பைப் வருகிறது. அதையே கேட்டு வாங்குங்கள்.

நாலு இன்ச் பைப்புக்கு 40 அடிக்கு ஓர் அடி இறக்கம் என்பது வழக்கமான கணக்கு. 30க்கு 40 அடி மனையில் கொல்லைப்பக்கக் கழிவறையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள்ளேயே ஓர் அடி இறங்கிவிடும். அதனால் கடப்பாரையை எடுக்கும் முன், வாசலில் பைப்புகள் வந்து சேரும் மூடிபோட்ட தொட்டியை, அதாவது சேம்பரைத் திறந்து தெருவுக்குப் போகும் பைப் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கித்தான் கணக்கு. பைப் பதிப்பதும் பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கித்தான். பைப்பின் அகன்ற வாய் தண்ணீர் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

எங்கள் மேஸ்திரி திருவண்ணாமலைக்காரர், கெட்டிக்காரர்தான். "கண்ணாலயே பார்த்துடுவேன் சார்" என்றார். "இருக்கட்டும்ணே, டியூப் ஒரு தடவை பிடிச்சிடலாம்" என்று, மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். நடுவில் ஓரிடத்தில் பைப் தூக்கி நின்றது, அடியில் பழைய அஸ்திவாரக் கல். அதைப் பெயர்த்து, மணல் பரப்பி மட்டம் செய்தார்.

திருப்பங்களில் தொண்ணூறு டிகிரி எல்போ போட விடாதீர்கள். அங்கே சேம்பர் கட்டி, அடியில் பாதி வட்டமாக வாய்க்கால் இழுத்துப் பூசச் சொல்லுங்கள். தட்டையாக விட்டால் கசடு அங்கேயே தங்கும். வீட்டுக் கழிவுநீர் வெளி டிரைனேஜில் சேரும் இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவான கல்லி டிராப்பை 'தேவையில்லை' என்று எடுத்துவிடுவார்கள். அதில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது.

மொட்டைமாடி மழைத்தண்ணீரை இதில் சேர்க்கவே கூடாது. பெங்களூரு குடிநீர், கழிவுநீர் வாரியமான ஜலமண்டலியின் விதியும் அதுதான், பெருமழையில் மேன்ஹோல் பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். கேட்டுக்கு வெளியே ரோட்டை வெட்ட அனுமதி வேண்டும், அதை மேஸ்திரியிடம் விடாதீர்கள்.

மண் தள்ளுவதற்கு முன் கீழ் முனையை அடைத்து, பைப் நிறையத் தண்ணீர் விட்டு மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள். சுவரிலிருந்து டேப் பிடித்து, அளவு தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் போர்வெல்காரர் வந்தால் எங்கே குத்தக்கூடாது என்று காட்டலாம்.