சாய ஊசிக்குப் பயந்து ஸ்கேனைத் தள்ளலாமா?

சிடி ஸ்கேனுக்காக ரத்தத்தில் ஏற்றும் சாய ஊசி, ஏற்கெனவே பழுதான அப்பாவின் கிட்னியைக் கெடுத்துவிடும் என்று பயந்து, ஸ்கேன் எடுக்காமலே அவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். உங்கள் கடிதத்தைப் படித்த உடனே போனில் அழைத்து, அப்பாவை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஏன் அவ்வளவு அவசரம் என்பதை, பினாங்கில் இதே பயத்தோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் குடல் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம். திடீரென்று, பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. வலது கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருக்கிறது. அந்த 'மட்டும்'தான் என்னைக் கலங்க வைத்தது. கிட்னி கோளாறால் வரும் வீக்கம் பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறங்கி, தையல் டேப்பால் இரு கால்களையும் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காலில் ரத்தம் உறைந்திருக்குமோ என்று சந்தேகிக்க வேண்டும். அந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. கால் வீங்காவிட்டாலும், திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், இருமலில் ரத்தம் என எது வந்தாலும் 999-ஐ அழையுங்கள்.

கிட்னி 26 சதவீதம்தான் வேலை செய்கிறது, சிடி ஸ்கேனுக்குப் போடும் சாய ஊசி டயாலிசிஸில் கொண்டுபோய் விடும் என்று இணையத்தில் படித்துவிட்டு வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டீர்கள். ஆபத்து அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்பு நினைத்ததைவிட அது குறைவு என்பதே இன்றைய புரிதல். பயம் இருந்தால் அதை மருத்துவரிடமே சொல்லுங்கள், வேறு வழிகளும் உண்டு. முதலில் காலுக்கு டாப்ளர் ஸ்கேன், அதாவது ஒலி அலையால் ரத்தக்குழாய்களைப் பார்ப்பது: ஊசியே இல்லை. மேல்தொடை, முழங்கால் ரத்தக்குழாயில் கட்டி தெரிந்துவிட்டால் பெரும்பாலும் அதை வைத்தே சிகிச்சையைத் தொடங்கலாம். அடுத்தது, காற்றும் ரத்தமும் நுரையீரலில் எங்கெங்கே போகின்றன என்று பார்க்கும் 'வி/கியூ ஸ்கேன்'. அதற்கு இந்தச் சாய ஊசி தேவையில்லை. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்தால் நல்ல பதில் கிடைக்கும். ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் மட்டும் எதற்கும் காத்திருக்க முடியாது, பெரும்பாலும் சிடிதான்.

ரத்தம் உறைந்திருக்குமா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையான டி-டைமரின் அளவு கூடியிருப்பதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கிட்னி நோயிலும் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அது கூடத்தான் செய்யும்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. மூச்சு வாங்குவது நீர் கோத்ததால் என்று நீங்களே முடிவு செய்து நீர் மாத்திரையை இரண்டு மடங்காக்கியிருக்கிறீர்கள். கட்டியை அது கரைக்காது. உடம்பில் நீர் வற்றினால் நீங்கள் காப்பாற்ற நினைத்த கிட்னிதான் முதலில் அடிபடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி வகையையும் அளவையும்கூட கிட்னியைப் பார்த்துத்தான் தீர்மானிப்போம். அதனால் அப்பா விழுங்கிய ஒவ்வொரு மாத்திரையின் அட்டையையும், கடைசி ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் ஒரு பையில் போட்டு அவசரப் பிரிவில் கொடுங்கள்.